அக்காவுக்கு ஒரு புருசன்

வா அம்மிணி, உக்காரு. அந்தச் சேரு வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காரு. போனை ஆன் பண்ணீட்டியா? நல்லாப் பண்ணிக்கோ. நான் பேசறதை அப்படியே புடிச்சு வெச்சுக்கோ. பொறவு அந்தம்மா அப்படிச் சொல்லுச்சு இப்படிச் சொல்லுச்சுன்னு மாத்தி எழுதக் கூடாது பாரு.

மெட்ராஸ்ல இருந்தா வர்றே? கல்யாணம் ஆயிருச்சா? இல்லையா. ஏன் கண்ணு? படிப்பா. சரி சரி. எங்கக்காவும் அதைத்தான் சொன்னா.

நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். எழுத்தாளர் கமலவேணி கடைசிக் காலத்துல நெசமாலுமே மனசு மாறித்தான் தாலி கட்டிக்கிட்டாங்களா, இல்லாட்டி தங்கச்சிக்காரி கட்டி வெச்சுட்டாளா. அதான கேள்வி? தயங்காத, கேளு. கோயமுத்தூர்ல கூட்டம் போட்டு மைக்குலயே கேட்டாங்களாம். 'உடன்பிறந்த சகோதரியே அவரைச் சிறை வைத்தார்'னு ஒருத்தன் பேசினானாம். எந்தச் செயில்ல அம்மிணி சோத்தைக் கொழைய வெச்சு ஊட்டி விடறாங்க? எந்தச் செயில்ல உடம்பைத் தொடச்சுப் பவுடர் போட்டு விடறாங்க? படுக்கைப் புண்ணு ஒண்ணு வரலை அவளுக்கு. டாக்டரே சொன்னாரு. அதை மைக்குல எவனும் சொல்லலை.

நாங்க ரெண்டே பொண்ணுங்க. அவ மூத்தவ. எங்கப்பாவுக்கு அவளைப் படிக்க வெக்கோணும்னு ஆசை, என்னைக் கட்டிக் குடுக்கோணும்னு ஆசை. ரெண்டு ஆசையும் நெறவேறுச்சு. அவ கோயமுத்தூர்ல காலேஜ் வாத்தியாரம்மா ஆயிட்டா. நான் கோபிக்கு இந்த வூட்டுக்கு வந்துட்டேன். அவ கல்யாணமே வேண்டாம்னுட்டா. அது பரவாயில்லை, அப்படியும் சில பேர் இருக்கறாங்க. ஆனா அவ கதை எழுத ஆரம்பிச்சா.

நான் ஒண்ணையும் படிச்சதில்லை. அந்த அசிங்கத்தைக் கையில தொடறதில்லைன்னே இருந்துட்டேன். 'மூணு தட்டு'ன்னு ஒரு கதை. ஒருத்தி, ரெண்டு ஆம்பளைங்க, ஒரே வூடு. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். சண்டை வரோணுமே, வராது. சரி, கடைசியில எவனாவது ஒருத்தன் கோவிச்சுட்டுப் போவான்னு பாத்தா, அதுவும் இல்லை. மூணு பேரும் வாசல்ல உக்காந்து கடலைக்கா உரிச்சுட்டு இருக்கறாங்க, அதோட கதை முடிஞ்சுபோச்சு. இதெல்லாம் ஒரு கதையா? படிச்சவங்க சொன்னாங்க. நான் எங்க படிச்சேன்.

அவ எழுதினதோட நிறுத்தியிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். அப்படியே வாழவும் செஞ்சா. ஒருத்தர் அர்த்தநாரி, எங்க ஆளுங்கதான், லேத்துப் பட்டறை வெச்சிருந்தாரு. இன்னொருத்தர் இன்னாசி சாரு. வேதக்காரரு, கிறிஸ்தவரு, அவ காலேஜ்லயே வெலங்கியல் வாத்தியாரு. ரெண்டு பேரும் அவ வூட்டுலதான் இருந்தாங்க. தாலி இல்லை, பதிவு இல்லை, ஒண்ணும் இல்லை. பக்கத்து வூட்டுக்காரங்க, வாடகைக்குக் குடி வெச்சிருக்கான்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம் ஆரம்பத்துல.

நான் ஒரே ஒருக்கா அங்க போயிருக்கறேன். போன அன்னிக்கு இன்னாசி சாரு மீன் கொழம்பு வெச்சுட்டு இருக்கறாரு. அர்த்தநாரி, கையெல்லாம் கிரீஸு, அதைக் கழுவிட்டு வந்து பாத்திரம் வெளக்கறாரு. எங்கக்கா கால் மேல கால் போட்டுப் பேப்பர் திருத்தறா. நான் மெதுவா உள்ள போயி ரூமு ரூமாப் பாத்தேன். மூணு ரூமு இருந்துச்சு. எது யாருதுன்னு ஒண்ணும் தெரியலை. அவ பின்னாலயே வந்து நின்னுக்கிட்டுச் சிரிக்கறா.

"என்ன தொளசி தேடறே?"

"ஒண்ணுமில்லக்கா. ராத்திரியில யாரு எங்க படுப்பீங்க?"

"தூக்கம் வந்தவங்க தூங்குவோம். உன் மச்சானுங்க ரெண்டு பேருமே கொறட்டை. எனக்குத்தான் செரமம்."

மச்சானுங்களாம். எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. சாப்படாம வந்துட்டேன். மீன் கொழம்பு வாசம் மட்டும் பஸ்ஸு வரைக்கும் வந்துச்சு.

எங்க வூட்டுக்காரரைப் பத்தியும் சொல்லோணும், அப்பத்தான் உனக்குப் புரியும். தங்கமான மனுசன். வயலு, மஞ்சள் மண்டி, கோயில் கமிட்டின்னு ஊருக்குள்ள மரியாதையா இருந்தவரு. அவருக்குச் சத்தியமங்கலத்துல ஒரு தொடுப்பு இருந்துச்சு. ஆம்பளைன்னா இருக்கத்தான் செய்யும். ஒரு நாளும் நான் வாயைத் தொறந்து கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா வெள்ளை வேட்டியைத் தேச்சு எடுத்து வெச்சுருவேன். கட்டிக்கிட்டுப் போவாரு. சனிக்கிழமை காலையில வருவாரு, இட்டிலி ஊத்திக் குடுப்பேன். அதுக்குப் பேருதான் அம்மிணி குடும்பம். ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்கறது அவருக்கும் தெரியும். ஆனா யாருக்கும் தெரியாது. அப்படி இருக்கோணும்.

அவரு தவறினப்ப அவ வந்தா, அந்தச் சத்தியமங்கலத்துக்காரி. ரோட்டுல நின்னா. சின்ன ஒடம்பு, நரைச்ச தலை, ஒரு நூல் சேலை. நான் என்னமோன்னு நெனச்சிருந்தேன். உள்ள விடலை. ஒரு வூட்டுல ஒரு ஆம்பளைக்கு ஒருத்திதான் அழோணும். ரெண்டு பேரு அழுதா அது என்ன சாவு? பாடை போறப்ப அங்கிருந்தே கும்புட்டுட்டுப் போயிட்டா. அவளும் மரியாதை தெரிஞ்சவதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்கம்மா செத்தப்ப ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் எங்கக்கா மடியில படுத்து அழுதேன். வெள்ளிக்கிழமை அந்த வேட்டியைத் தேய்க்கறப்ப எரிச்சுப் போட்டரலாம்னு தோணுதுக்கான்னு சொன்னேன். அவ என் தலையைத் தடவிக்கிட்டே இருந்தா. தடவினவ பொறவு என்ன பண்ணினா? 'மறுகரைக்காரி'ன்னு புத்தகம் போட்டா. புருசன் வெள்ளிக்கிழமை ஆனா ஆத்தைத் தாண்டிப் போறான். பொண்டாட்டி ஒரு நாளு பஸ்ஸேறி அந்த வூட்டுக்கே போறா. போயி என்ன பண்றா? நாலு அறை அறைஞ்சாளா? இல்லை. ரெண்டு பேரும் உக்காந்து களி கிண்டித் தின்னுட்டு அவன் கொறட்டையைப் பத்திப் பேசிச் சிரிக்கறாங்க. கடைசியில இவ அவளைத் தன் வூட்டுக்கு வரச் சொல்லிக் கூப்படறா.

பேரை மாத்தினாப் போதுமா அம்மிணி? வெள்ளிக்கிழமையை மாத்தலையே.

அந்தப் புத்தகந்தான் எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுச்சு. நித்யகலாவுக்குத் திருப்பூர்ல அமைஞ்சிருந்துச்சு, பனியன் கம்பெனிக்காரங்க. வெத்தலை மாத்தறதுக்கு நாள் பாத்தாச்சு. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா ஒருத்தி பள்ளிக்கூடத்து டீச்சரு, அவ போன் பண்றா. "பொண்ணுக்குப் பெரியம்மாதானுங்களே அந்தக் கமலவேணி?" ஆமாங்கன்னேன். அத்தோட சரி. பொறவு தாராபுரத்துல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கை கொஞ்சம் நீளும். அடிப்பாரு. ஆனா என்ன, ஒரே பொண்டாட்டி, ஒரே வூடு. அவ அழுதுட்டு வந்தா நான் மறுநாளே திருப்பித் தாட்டி விட்டுருவேன்.

அவ அப்படி அழுதுட்டு வர்றது தெரிஞ்சு எங்கக்கா ஒரு நாளு கேட்டா, "அவளை எங்கிட்ட அனுப்பு தொளசி, நான் வெச்சுக்கறேன்"னு. எதுக்கு, மூணு தட்டை நாலு தட்டு ஆக்கறதுக்கா? அன்னிக்கோட பேச்சை விட்டுட்டேன். ரொம்ப வருசம்.

அப்பறம் ஒரு நாளு இன்னாசி சாரு போன் பண்றாரு.

"தங்கச்சி, கமலா விழுந்துட்டா. பக்கவாதம். ஆஸ்பத்திரியில இருக்கோம். ரத்த சொந்தம் யாராச்சும் கையெழுத்துப் போடணுமாம். நீங்க வரணும்."

பாத்தியா? எத்தனை கதை எழுதினாலும் கடைசியில யாரு வேணும்? போனேன். பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவுல ரெண்டு கெழவனுங்களும் பள்ளிக்கூடத்துல வெளிய நிறுத்தின பசங்க மாதிரி நிக்கறாங்க. டாக்டரு, நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்காரு. இவரு கூட இருக்கறவங்கன்னிருக்காரு. அவரும் கூட இருக்கறவங்கன்னிருக்காரு. நர்சுப் பொண்ணு அதைச் சொல்லிச் சொல்லி எங்கிட்டச் சிரிச்சுச்சு. நான் போயி, "கூடப் பொறந்த தங்கச்சி"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாக் கதவும் தொறந்துச்சு.

உசுரு பொழச்சுக்கிட்டா. வலப்பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் போயிருச்சு. இடது கை மட்டும் நல்லா இருந்துச்சு, புத்தியும் இருந்துச்சு. எல்லாம் புரியும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த ரெண்டு பேரும் வூட்டுல கட்டிலெல்லாம் மாத்திப் போட்டு, பாத்ரூமுல புடிச்சுக்க கம்பி அடிச்சு வெச்சுட்டு, வண்டி கொண்டாந்து நிக்கறாங்க. நான் சொன்னேன்: "கையெழுத்துப் போட்டவ நான். கூட்டீட்டுப் போறவளும் நான்தான்."

இன்னாசி சாருதான், "தங்கச்சி, அவளுக்கு அவ வூடு வேணுங்க. அவளைக் கேளுங்க"ன்னாரு.

"பேச்சு வராதவளை என்னன்னு கேக்கறது?"

வண்டியில ஏத்தறப்ப அவ இடது கையால கதவைப் புடிச்சுக்கிட்டா. வெரலை ஒண்ணொண்ணா எடுத்து விட வேண்டியதாப் போச்சு. பக்கவாதம் வந்தவங்களுக்கு அப்படித்தான், ஒண்ணைப் புடிச்சா விடத் தெரியாது.

இந்தா, இந்த ரூமுதான். ஜன்னலுக்குப் பக்கத்துல கட்டிலு. நல்லாத்தான் வெச்சிருந்தேன். ஞாயித்துக்கெழமை ஆனா ரெண்டு பேரும் பஸ்ஸேறி வந்துருவாங்க. கேட்டுல நின்னு கூப்படுவாங்க. ஒருத்தர் கையில பழம், ஒருத்தர் கையில புத்தகம். அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை பாக்குது. தாராபுரத்துச் சம்பந்தி வூட்டுல இருந்து எப்ப வேணா ஆளு வரும். நான் என்ன பண்றது? நியாயமா ஒரு வழி சொன்னேன். நீயே சொல்லு, இது நியாயமா இல்லையா.

"இது குடும்பம் நடக்கற வூடு. ரெண்டு ஆம்பளைங்களை ஒரு பொம்பளை ரூமுக்குள்ள விட முடியாது. உங்கள்ல யாரு புருசன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. அவரு வாங்க, சோறு போடறேன், பாயி போடறேன். இன்னொருத்தர் பஸ்ஸேறிப் போயிரோணும். திரும்ப வரக் கூடாது."

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அர்த்தநாரிதான் மொதல்ல சொன்னாரு.

"இன்னாசி போகட்டுங்க. அவன் படிச்சுக் காட்டுவான். அவளுக்கு அதுதான் வேணும்."

"இல்ல தங்கச்சி, அர்த்தநாரி இருக்கட்டும். அவளைத் தூக்கி உக்கார வெக்க அவனாலதான் முடியும். எனக்கு முதுகுல சத்தில்லை."

"டேய், நீ போடா. நான் சொல்றேன்ல."

"நீ சும்மா இரு."

கேட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டு, நீ போ, நீ போன்னு. எனக்குச் சிரிப்பாப் போச்சு. ரெண்டு பேருக்குமே அவ வேண்டாம், அம்மிணி. அதான் உண்மை. நெசமாலுமே புருசன்னா ஒருத்தன் இன்னொருத்தன் சட்டையைப் புடிச்சிருக்க மாட்டானா? எங்க வூட்டுக்காரரா இருந்தா வெட்டியே போட்டிருப்பாரு.

கடைசியில இன்னாசி சாரு சொன்னாரு, கமலாவையே கேளுங்கன்னு. சரின்னு அவளைச் சக்கர நாற்காலியில வெச்சு ஜன்னலுக்கிட்ட தள்ளிட்டுப் போனேன். கேட்டு நல்லாத் தெரியும் அங்கிருந்து. "அக்கா, யாரு வேணும்? ஒருத்தரைக் காட்டு"ன்னேன். அவ ரெண்டு வெரலைக் காட்டினா. நான் ஒரு வெரலை மடக்கி விட்டேன். "ஒண்ணுதாங்க்கா." மறுபடியும் ரெண்டு. மறுபடியும் மடக்கி விட்டேன். மறுபடியும் நீட்டறா. அந்தக் காலத்துல இருந்தே புடிவாதம். நான் நாற்காலியைத் திருப்பீட்டு வெளிய வந்து, "ரெண்டு பேருமே வேண்டாம்னுட்டா"ன்னு சொல்லீட்டேன். வேற என்னன்னு சொல்றது? ஒருத்தரைக் காட்டலைன்னா வேண்டாம்னுதான அர்த்தம்.

அப்பவும் வந்துட்டுத்தான் இருந்தாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்குவாங்க. அங்கிருந்து ஜன்னலைப் பாக்கறது. அவ இங்கிருந்து பாக்கறது. இன்னாசி சாரு புத்தகத்தை விரிச்சு வெச்சு அங்கிருந்தே வாயை அசைப்பாரு. வண்டி போற சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? அவளுக்கு என்னமோ கேட்ட மாதிரி தலை ஆடும். நான் ஜன்னலைச் சாத்தீட்டேன். கொசு வேற.

ஐப்பசி மழையில அந்த பெஞ்சுலயே நனைஞ்சுட்டு இருந்திருக்காரு இன்னாசி சாரு. காச்சல் வந்து, நெஞ்சுல சளி கட்டி, போயிட்டாரு. நான் என்ன பண்ணினேன் அதுக்கு? மழை பெஞ்சா வூட்டுக்குப் போகோணும்.

அடுத்த வாட்டி அர்த்தநாரி தனியா வந்தாரு. மூஞ்சியைக்கூடச் சரியாச் சவரம் பண்ணலை. கேட்டுல நின்னு, "இன்னாசி போயிட்டானுங்க"ன்னாரு. "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லீராதீங்க. என்னை உள்ள விடுங்க. இப்ப நான் ஒருத்தன்தானுங்களே."

நான் அப்பவே எல்லாத்தையும் யோசிச்சு வெச்சுட்டேன். கடவுளாப் பாத்து வழி காட்டியிருக்காரு. இருக்கறது ஒருத்தரு, அதுவும் எங்க ஆளு. "வாங்க, ஆனா சும்மா வர முடியாது. அவ கழுத்துல ஒரு தாலியைக் கட்டீட்டு வாங்க"ன்னேன். அவரு அப்படியே திரும்பிப் போயிட்டாரு. போனா வருவாரு, எனக்குத் தெரியும்.

அன்னிக்கே அக்காகிட்ட நான் விசயத்தைச் சொல்லீட்டேன். அவரு சொன்னா அழுது பொலம்பி அவளைப் பயமுறுத்திருவாரு. நான் பதமாத்தான் சொன்னேன். கஞ்சி குடுத்துட்டு இருந்தேன். "அக்கா, இனி உனக்கு ஒரு கொழப்பமும் இல்லை. இன்னாசி சாரு காலமாயிட்டாரு. இனி உனக்கு ஒருத்தர்தான், எல்லாரையும் மாதிரி." அவ வாயை மூடிக்கிட்டா. அப்பறம் தொறக்கவே இல்லை. அன்னிக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. மூக்கைப் புடிச்சுத்தான் ஊத்தினேன். அப்படியே விட்டுர முடியுமா, கூடப் பொறந்தவளாச்சே.

அர்த்தநாரி வந்தாரு. நான் நெனச்ச மாதிரியே வந்தாரு. "நான் அவ பக்கத்துல உக்காந்தாப் போதும். என்ன பண்ணோணுமோ பண்ணிக்குங்க"ன்னாரு.

சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்தை நல்லாப் பண்ணினேன். எங்க பக்கத்துல கல்யாணச் சீரெல்லாம் செஞ்சு வெக்கறவரு அருமைக்காரரு. அவரு வந்து, பொண்ணைப் பாத்துட்டு, "ஏனுங்க, அந்தம்மாவுக்குச் சம்மதமானு கேட்டீங்களா?"ன்னாரு. கேட்டாச்சுன்னேன். ஒறம்பரை, சொந்த பந்தம் எல்லாம் வந்துச்சு. நித்யகலா வந்தா. வந்தவ அவ பெரியம்மாவைப் பாத்ததும் பின்கட்டுக்குப் போயிட்டா, வெளியவே வரலை. அவளுக்கு எதைப் பாத்தாலும் அழுகை. அக்காவுக்கு அரக்குப் பட்டு கட்டி, தலை நெறையப் பூ வெச்சு, சாயாம இருக்கறதுக்கு நாற்காலியோட ஒரு துண்டைச் சேத்துக் கட்டி, நல்லா லட்சணமா இருந்தா. அப்படி அவளை நான் பாத்ததே இல்லை.

தாலி கட்டறப்ப அர்த்தநாரி கயித்தை விட்டு விட்டுப் புடிக்கறாரு. முடிச்சுப் போட வரலை. நான்தான் பின்னால நின்னு புடிச்சுக் குடுத்தேன். குனிஞ்சு அவ காதுல, "மன்னிச்சுக்க கமலா"ன்னாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இத்தனை வருசம் கட்டாம விட்டதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவளும் அழுதா. தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, விழுந்ததுக்கு அப்பறம் அவகிட்ட இருந்து வந்த மொதல் சத்தம். ஆனந்தக் கண்ணீருன்னு எல்லாரும் சொன்னாங்க.

போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் குடுத்தோம். நீ பாத்திருப்பே. ஒரு பத்திரிகையில, எழுதியதெல்லாம் தவறென்று எழுத்தாளரே இறுதியில் உணர்ந்தார்னு போட்டாங்க. அதை வெட்டித் திருப்பூருக்கு அந்த டீச்சரம்மாவுக்கு அனுப்பி வெச்சேன்.

தாலி மேல அவளுக்கு எத்தனை ஆசைங்கறே? நாள் பூராவும் இடது கை அதுலயேதான் இருக்கும். விடவே மாட்டா. புடிச்சு இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் செவந்து கோடு விழுந்துபோச்சு. தோலு உரிஞ்சுருச்சு ஒரு எடத்துல. புது நகை போட்டா கொழந்தைங்க இழுக்குமே, அந்த மாதிரி. அவளுக்கே காயம் ஆகுதேன்னு, மெத்துன்னு இருக்கற துண்டா எடுத்து அந்தக் கையைக் கட்டில் கம்பியோட கட்டி வெச்சேன். இறுக்கமா இல்லை.

அர்த்தநாரி அந்த ரூமுலயே பாயைப் போட்டுப் படுத்துக்குவாரு. நான் கட்டி வெப்பேன், அவரு அவுத்து விடுவாரு. அவுத்துட்டு அந்தக் கையைத் தன் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பட்டறைக்காரரு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு. கையோட கொண்டாந்திருந்த இன்னாசி சாரு புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவிப் படிச்சுக் காட்டினாரு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். 'மறுகரைக்காரி'. அவ ரெண்டாமத்தவ வூட்டுக் கதவைத் தட்டறாளே, அந்த எடம். உள்ள போயி வாங்கீட்டேன். "இந்த வூட்டுல இதை வாசிக்கக் கூடாது"ன்னேன். அவரு என்னைப் பாத்து, "நீங்க போயிருக்கலாமுங்க. ஒரு தடவை போயிருக்கலாம்"ன்னாரு. எங்கன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை.

அப்பறம் ரொம்ப நாளு இழுக்கலை அவ. ஒரு நாளு காலையில அர்த்தநாரி கதவைத் தொறந்துட்டு வந்து, "முடிஞ்சுதுங்க"ன்னாரு.

சுமங்கலியாப் போனா, அம்மிணி. அது எத்தனை பேருக்குக் கெடைக்கும்? மஞ்சப் பூசி, பெரிய பொட்டு வெச்சு, அதே அரக்குப் பட்டைக் கட்டி விட்டேன். ஊருப் பொம்பளைங்க வரிசையா வந்து காலைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனாங்க. இந்த ஊருல அவ பேரைச் சொன்னாலே மூஞ்சியைச் சுளிச்சவங்க. நான்தான் அவளைக் கும்புட வெச்சேன்.

ஆனா அர்த்தநாரி ஒரு காரியம் பண்ணினாரு. எடுக்கறதுக்கு முன்னால புருசன் செய்ய வேண்டிய சீரு இருக்குதுன்னு அருமைக்காரரு கூப்பட்டாரு. வந்தாரு. அவ தலையைத் தூக்கித் தன் தோள்ல சாச்சுக்கிட்டு, அந்தத் தாலியைக் கழட்டினாரு. கழட்டிட்டு அவ கழுத்துல இருந்த அந்தக் காயத்தைத் தடவிக் குடுத்தாரு. எழுந்து வந்து என் உள்ளங்கையில அதை வெச்சு வெரலை மூடி விட்டாரு.

"இது உங்களுதுங்க. நீங்கதான் கட்டினீங்க."

பத்திரமாக் குடுத்தாரு, நல்ல மனுசன், சரி. அதோட விட்டாரா? கொள்ளி வெக்கறதுக்குப் புருசன் வாங்கன்னா, அத்தனை ஒறம்பரைக்கு முன்னால நின்னு சொல்றாரு: "நான் அவளுக்குப் புருசன் இல்லைங்க. இன்னாசியும் நானும் அவகூட இருந்தவங்க. அவ்வளவுதான்." சொல்லீட்டுச் செருப்பைக் கூடப் போடாம நடந்து போயிட்டாரு. பொறவு எம் பையன், நித்யகலாவுக்கு எளையவன், அவன்தான் கொள்ளி வெச்சான். சாவுக்கு வந்திருந்த நித்யகலா பின்கட்டுல இருந்து வெளிய வந்து அவரு பின்னாலயே ஓடுனா, செருப்பைக் குடுக்கறேன்னு. குடுத்துட்டு வருவான்னு பாத்தேன். இன்னும் வரலை. அவருகூட அந்தக் கோயமுத்தூர் வூட்டுலதான் இருக்கறாளாம். தாராபுரத்துல இருந்து மாப்பிள்ளை தெனமும் போன் பண்றாரு, என்னால எடுக்க முடியறதில்லை.

அவரு சொன்னதை நீ எழுதாத. துக்கத்துல புத்தி கலங்கிச் சொன்னது. திருமதி கமலவேணி அர்த்தநாரின்னு போடு. கல்யாணம் நடந்திருக்குது, போட்டோ இருக்குது, ஊரே பாத்துச்சு.

எழுந்துட்டியா? காப்பியைக் குடிக்கவே இல்லையே, ஆறிப்போச்சு. சரி, வெறுநெத்தியோட போகாத கண்ணு. அந்தா, அக்கா படத்துக்கு முன்னால குங்குமச் சிமிழ் இருக்குது பாரு. நீயே எடுத்து வெச்சுக்கோ. நான் குடுக்கக் கூடாது.